பிடிபட்ட செய்தியோடு கட்டண விவரத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நம் நாளிதழில் அடிக்கடி அந்தச் செய்தி வந்துவிடுகிறது. பட்டா மாறுதலுக்கு லஞ்சம் வாங்கிய கிராம நிர்வாக அலுவலர் கைது, வாரிசுச் சான்றுக்குப் பணம் வாங்கிய வருவாய் ஆய்வாளர் சிக்கினார் என்று. போன வாரம் வந்ததை என் மேசைக்கு வந்த நாலு பேரிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒரு அம்மா சொன்னார்: "சரிக்கா, அந்தச் சான்றுக்கு நெசமாவே எவ்வளவு கட்டணும்? அத போடலியே." பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது இல்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா அலுவலகத்துக்கு எதிரே, புங்கமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதுகிறவள். பதினாறு வருடமாக இதே இடம். பத்தாம் வகுப்பு வரைதான் படிப்பு, ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும். ஒரு மனுவுக்கு 50 ரூபாய் வாங்குகிறேன். அதை அட்டையில் எழுதி மேசையிலேயே ஒட்டியிருக்கிறேன். ஊரில் எனக்கு 'மனு அக்கா' என்று பெயர்.

இந்த வேலைக்கு நான் வந்ததே லஞ்சத்தால்தான். 2008 கார்த்திகையில் நிஷா புயல் அடித்து ஓய்ந்த பத்தாம் நாள் என் வீட்டுக்காரர் காய்ச்சலில் இறந்துபோனார். வீட்டுக்குள் இன்னும் தண்ணீர் வடியவில்லை. இறப்புச் சான்றுக்கு 500, வாரிசுச் சான்றுக்கு 2,000, விதவை உதவித்தொகைக்கு 1,500. மூன்று காகிதத்துக்கு 4,000 ரூபாய் கொடுத்தேன். அதற்காக விற்றது என் காதுத் தோட்டை. கேட்டவர்கள் யாரும் மிரட்டவில்லை. "வெறுங்கை முழம் போடுமாம்மா?" என்று பழமொழி சொல்லி, பதமாகத்தான் கேட்டார்கள். ஊர் வழக்கம் அதுதான் போலிருக்கிறது என்று நானும் கொடுத்துவிட்டு வந்தேன். இறந்த 21 நாளுக்குள் தெரிவித்தால் பதிவும் இலவசம், முதல் சான்று நகலும் இலவசம் என்று 1969ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விதிகளுமே சொல்கின்றன. அது எனக்குத் தெரிய வந்தபோது அவருக்கு மூன்றாவது திவசம் முடிந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மரத்தடியில் உட்கார்ந்த முதல் மூன்று வருடம் நானும் அந்தப் பணத்தைக் கைமாற்றி விட்டவள்தான். இதை மறைத்துவிட்டு மற்றதை எழுத எனக்கு மனம் வரவில்லை. மனு எழுதுகிறவர்களில் பலருக்கு இது வாடிக்கை. உள்ளே யாருக்கு எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும். வருகிற சனங்களுக்கோ உள்ளே போகவே பயம். எனக்கென்று ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டதில்லை, அதனால் நான் தப்பு செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2013 புரட்டாசி. சம்பா நடவு நேரம். முதியோர் உதவித்தொகைக்காக ஒரு பெரியம்மா நடவு வேலையிலிருந்து அப்படியே வந்தார். கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண், மஞ்சள் குழைத்துப் பூசியிருந்தார். மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தார். எல்லாம் பத்து ரூபாய் நோட்டு, கொஞ்சம் சில்லறை. "ஆயிரத்தைநூறு சொன்னாங்களாம். ஆயிரத்து முந்நூத்தி நாப்பதுதான் சேந்துச்சு. பத்துமா தாயி?" என்றார். எண்ணிப் பார்க்கக் கையில் எடுத்தேன். நோட்டெல்லாம் ஈரம், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து மேசைமேல் பரப்பி, காற்றில் பறக்காமல் கல் வைத்துக் காயவைத்தேன். அது காய்ந்துகொண்டிருந்த அரைமணி நேரம் அவர் தன் மருமகள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் எதுவும் விழவில்லை. அரசாங்கம் அவருக்குக் கொடுக்கச் சொன்ன பணம் அது. அதை வாங்க அவர் இதைக் கொடுக்க வேண்டுமா? அந்த நோட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போக அன்றைக்கு எனக்குக் கால் வரவில்லை.

பணத்தை அவர் பையிலேயே போட்டுக் கட்டிக் கொடுத்தேன். மனுவை இரண்டு பிரதி எழுதி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் முத்திரையும் தேதியும் போட்டுத் தரச் சொல்லி நின்றேன். "ஏங்க, நீங்க இப்படிலாம் கேக்க மாட்டீங்களே" என்றார் அங்கிருந்தவர். போட்டுத் தந்தார். உதவித்தொகை வர நாலு மாதம் ஆனது. காசு கொடுத்திருந்தால் ஒரு மாதத்தில் வந்திருக்கும், உண்மை. ஆனால் முதல் மாதப் பணத்தை வாங்கிக்கொண்டு அவர் நேராக என்னிடம் வந்து கால் கிலோ சேவு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் யார் பணத்தையும் உள்ளே எடுத்துப்போனதில்லை.

இத்தனை வருடத்தில் நான் கண்டுகொண்டது ஒன்று. லஞ்சம் பிறக்கிற இடம், மனுவைக் கொடுப்பதற்கும் அதற்கு ஒரு எண் கிடைப்பதற்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. "வச்சிட்டுப் போங்க, பாக்கலாம்" என்கிறார்களே, அங்கேதான். முத்திரையும் எண்ணும் தேதியும் இல்லாத மனு, கொடுக்காத மனுவேதான். அதை யார் வேண்டுமானாலும் தொலைத்துவிடலாம். எண் இருக்கிற மனுவைத் தொலைத்தால் யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் அதற்குக் காசு கேட்கக் கொஞ்சம் யோசிக்கிறார்கள்.

இதற்கு அரசாணையே இருக்கிறது. பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை, அரசாணை எண் 99, நாள் 21.9.2015. மனு கிடைத்த 3 நாளுக்குள் ஒப்புகை கொடுக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், செய்ய முடியாது என்றால் அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். இதைச் செராக்ஸ் எடுத்து லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறேன். மனு கொடுக்கப் போகிறவர்களிடம் கையில் கொடுத்து அனுப்புவேன், திரும்ப வாங்கிக்கொள்வேன். சண்டை போடச் சொல்வதில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றாலே போதும்.

இ-சேவை வந்த பிறகு பாதி வேலை சுலபமாகிவிட்டது. சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி என்று எந்தச் சான்றுக்கு விண்ணப்பித்தாலும் கட்டணம் 60 ரூபாய். ரசீதில் விண்ணப்ப எண் வந்துவிடும், அதை வைத்து யாரிடம் நிற்கிறது என்று பார்க்கலாம். சான்று டிஜிட்டல் கையெழுத்தோடு வருகிறது, செல்போனிலேயே இறக்கிக்கொள்ளலாம். கையெழுத்துக்கு என்று யாரையும் தேடிப் போக வேண்டாம். இருந்தும் போகிறார்கள். "ஐயா ஒரு தடவ நேர்ல வரச் சொன்னாரு" என்று கிராம உதவியாளர் சொன்னால் போகாமல் என்ன செய்வார்கள்? நேரில் வரச் சொல்வதே அதற்குத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் செங்கல் சூளையில் வேலை பார்க்கிற ஒருவர், மகளின் என்ஜினீயரிங் கலந்தாய்வுக்காக முதல் பட்டதாரிச் சான்று கேட்டு விண்ணப்பித்திருந்தார். அந்தச் சான்று இருந்தால் படிப்புக் கட்டணத்தில் சலுகை. பதினோரு நாளாக ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) லாகினிலேயே, அதாவது அவர் கணினிக் கணக்கிலேயே கிடந்தது. ஆயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார்கள். கலந்தாய்வுக்கு ஆறு நாள்தான் பாக்கி. அந்த மனிதர் கடன் வாங்கிவிட்டே என்னிடம் வந்திருந்தார், சட்டைப்பையில் இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு வெளியே தெரிந்தது. ஒரு வெள்ளைத்தாளில் நாலே வரி எழுதிக் கொடுத்தேன். விண்ணப்ப எண், விண்ணப்பித்த தேதி, இன்ன அலுவலர் லாகினில் இத்தனை நாளாக நிலுவை, கலந்தாய்வு இன்ன தேதி. லஞ்சம் கேட்டார்கள் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. வட்டாட்சியரைப் பார்த்துக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வரச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் குறுஞ்செய்தி வந்துவிட்டது. அந்த ஆயிரம் ரூபாயில் மகளுக்கு ஒரு பை வாங்கினார்.

நிலத்து வேலை இவ்வளவு லேசில் முடியாது. ஒரே பட்டாவில் இருக்கிற நிலத்தை அண்ணன் தம்பி பிரித்துக்கொண்டால் உட்பிரிவு செய்ய வேண்டும், சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அங்கே கேட்கிற பணத்துக்குக் கணக்கே கிடையாது. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் இரண்டு வருடம் நடந்தார். 'இன்னைக்கு வர்றேன், நாளைக்கு வர்றேன்' என்று அவரை இழுத்தடித்தார்கள். அவருக்காகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினேன். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு. கேட்டது இவ்வளவுதான்: இன்ன எண்ணுள்ள என் விண்ணப்பம் இதுவரை எந்தெந்த அலுவலரிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது, ஒவ்வொருவரும் அதன்மேல் என்ன நடவடிக்கை எடுத்தார்கள்? 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். தராவிட்டால் நாளொன்றுக்கு 250 வீதம் 25,000 வரை அந்த அலுவலரே அபராதம் கட்ட நேரும். பதில் எங்களுக்கு வரவே இல்லை. அதற்கு முன்னால் சர்வேயர் வந்து அளந்துவிட்டுப் போனார்.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. பதிலே வராமல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு சென்னையில் தகவல் ஆணையம் என்று வருடக்கணக்கில் காத்திருப்பவர்களும் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை இல்லை. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது, கோடையில் கிராமக் கணக்குகளைச் சரிபார்த்து மனுவும் வாங்குகிற ஜமாபந்தி வரும், முதல்வர் உதவி மையத்துக்கு 1100 என்ற எண் இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பார்க்கச் சொல்கிறேன், ஒவ்வொன்றிலும் எண்ணை வாங்கிப் பத்திரமாக வைக்கச் சொல்கிறேன்.

லஞ்ச ஒழிப்புத் துறைக்கு 1064 என்ற இலவச எண். இதைப் பற்றிச் சனங்களுக்கு இருக்கிற பயம் கொஞ்சநஞ்சமில்லை. "கொடுத்தவனையும் உள்ள தூக்கிப் போடுவாங்களாமே?" என்று கேட்கிறார்கள். அதில் பாதி உண்மை. 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018இல் திருத்தினார்கள். இப்போது லஞ்சம் கொடுப்பதும் குற்றம், 7 வருடம் வரை தண்டனை. ஆனால் கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் போலீசிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ சொல்லிவிட்டால் அவர்மேல் குற்றமில்லை. முன்கூட்டியே தகவல் சொல்லி, அவர்கள் ஏற்பாட்டில் கொடுத்தாலும் குற்றமில்லை. இந்த மீதிப் பாதியை யாரும் சனங்களுக்குச் சொல்வதில்லை. பயப்படுத்துகிற பாதிதான் ஊருக்குள் பரவுகிறது.

எங்கள் பக்கத்துக் கிராமத்துத் தம்பி ஒருவர் துணிந்து புகார் கொடுத்தார். நோட்டு எண்களை எழுதிக்கொண்டு, தொட்டவர் கையைக் காட்டிக்கொடுக்கிற பினாப்தலின் பொடி தடவி அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். "காசு வாங்குனவரு கைய ஒரு தண்ணியில முக்கச் சொன்னாங்கக்கா. வெள்ளத் தண்ணி, ரோஸ் கலரா மாறிப்போச்சு. எனக்கு உடம்பே நடுங்கிடுச்சு" என்று சொல்லும்போதும் அவருக்குக் கை நடுங்கியது. மாட்டியவர்மேல் அவருக்குக் கோபம்கூட இல்லை. அவர் வீட்டுப் பிள்ளைகளை நினைத்துத்தான் வருத்தப்பட்டார். அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்த அலுவலகத்தில் யாரும் அந்தத் தம்பியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பட்டா விஷயமாகப் போகும்போதெல்லாம் நான் கூடப் போய் நின்றேன். புகார் கொடுக்கிறவரைப் பிறகு தனியாக விட்டுவிடக் கூடாது. ஊர்க்காரர் இரண்டு பேர் கூட நின்றால் அதுவே பெரிய பலம்.

2007இல் சென்னையிலிருந்து லஞ்சத்தை எதிர்க்கிற 5ஆவது தூண் அமைப்பினர் பூஜ்ய ரூபாய் நோட்டு என்று ஒன்றை அச்சடித்துக் கொடுத்தார்கள், காந்தி படத்தோடு, நிஜ நோட்டு மாதிரியே. ஒரு கல்லூரிப் பையன் எனக்கும் ஒன்று தந்தான். நல்ல யோசனைதான். கேட்கிறவர் கையில் அதை நீட்டினால் வெட்கப்பட்டுத் திரும்புவார்கள் என்றார்கள், அப்படி நடந்தும் இருக்கலாம். ஆனால் நடவுக்கூலிக்குப் போகிற ஒரு விதவையால் வருவாய் ஆய்வாளர் முன்னால் அதை நீட்ட முடியாது. அவள் நாளைக்கும் அதே மேசைக்குத்தான் வர வேண்டும். அவளால் நீட்ட முடிவது ஒப்புகைச் சீட்டைத்தான்.

உள்ளே இருக்கிற எல்லோரும் ஒரே மாதிரி என்று நான் சொல்லவில்லை. எங்கள் தாலுகாவில் ஒரு பெண் கிராம நிர்வாக அலுவலர் இருந்தார். தன் கிராமத்தோடு இன்னும் இரண்டு கிராமம் கூடுதல் பொறுப்பு. பெட்ரோலும் பிரிண்ட் எடுக்கிற செலவும் அவர் சம்பளத்தில்தான். சம்பா அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்கிற சான்று) கொடுக்கிற நேரத்தில், பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் என்று சனம் மொய்க்கும். ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து எழுதிக் கொடுப்பார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் காசை எடுத்து வைத்துவிட்டுத்தான் குடிப்பார். அவர் மாறுதலாகிப் போன அன்று, அவரைப் பார்க்க மூன்று ஊர்ப் பெண்களும் வந்து நின்றார்கள். அவரைப் போன்றவர்களுக்கும் சேர்த்துத்தான் நான் எழுதுகிறேன்.

மத்தியப் பிரதேசம் 2010இலேயே இன்ன சேவை இன்ன நாளுக்குள் என்று சட்டம் போட்டுவிட்டது. கர்நாடகத்தில் சகாலா என்ற பெயரில் 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே விண்ணப்பித்தவுடன் ஒரு எண் கொடுத்துவிடுகிறார்கள். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம் 500 வரை விண்ணப்பித்தவருக்கு ஈட்டுத்தொகை, அதைத் தாமதம் செய்த அலுவலரிடம் பிடிப்பார்கள். தொகை சின்னதுதான். ஆனால் தாமதத்துக்குக் காசு கொடுக்க வேண்டியவர் அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். நம் மாநிலத்துக்கும் சேவை உரிமைச் சட்டம் வேண்டும் என்று பலர் வெகு நாளாகக் கேட்டு வருகிறார்கள். என் குரலையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். லஞ்சம் வாங்கிப் பிடிபட்டவர் செய்தியைப் போடும்போது, அதற்குக் கீழேயே ஒரு சிறிய பெட்டிச் செய்தி போடுங்கள். அவர் எந்த வேலைக்குக் காசு வாங்கினாரோ அந்த வேலைக்கு என்னென்ன காகிதம் வேண்டும், அரசுக் கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளில் தர வேண்டும், தராவிட்டால் அடுத்து யாரைப் பார்ப்பது. நாலு வரி போதும். அலுவலகத்திலும் பலகை வைத்திருக்கிறார்கள். எங்கள் தாலுகாவில் அது பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது, பாதிதான் தெரியும். பேப்பரை யாராலும் பீரோவுக்குப் பின்னால் வைக்க முடியாது. டீக்கடையில் வாசிப்பார்கள், சலூனில் வாசிப்பார்கள், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நான் வாசித்துக் காட்டுவேன்.

எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கண் சரியாகத் தெரியாது. முதலில் வாரிசுச் சான்றைப் பற்றிப் போட்டால் உபகாரமாக இருக்கும். இந்த மாதம் மட்டும் அதற்காக ஏழு பேர் வந்திருக்கிறார்கள், அதில் மூன்று பேர் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டார்கள். வெட்டி ஒட்டுவதற்கு ஒரு பெரிய அட்டை வாங்கி, மரத்தில் கட்டக் கயிறும் கோத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மனு எழுதுபவர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம்)
திருவாரூர் மாவட்டம்